சேம்பர் கொயரும் ஒற்றைச் செல்லோவும்: சர்ச்சில் ஒலிப்பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

செல்லோ வாசிப்பவர் எங்கே உட்காரப்போகிறார் என்று முடிவாகும்வரை மைக் ஸ்டாண்டை விரிக்க வேண்டாம். இருபது பேர் பாடும் சேம்பர் கொயர் (சிறு பாடகர் குழு), கூடவே வயலின் குடும்பத்தின் கனத்த குரலான ஒரே ஒரு செல்லோ என்றால் சுலபமான வேலை போலத்தான் தெரியும். டிரம்ஸ் கிடையாது, பியானோ கிடையாது, ஆர்கன்கூடக் கிடையாது. சிக்கல் செல்லோவின் ஸ்தாயியில் இருக்கிறது. அதன் அடித்தந்தி 65 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பேஸ் பாடகர்கள் (ஆண்களின் கீழ்க்குரல்) இறங்கும் அடிஸ்வரம் சுமார் 80. அங்கிருந்து டெனர் (ஆண்களின் மேல்குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) உலவும் இடமெல்லாம் செல்லோவும் உலவும். இரண்டும் ஒன்றையொன்று சுலபமாக மூடிவிடும்.

"மிக்சிங்கில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு இங்கே எடுபடாது. எல்லாரும் ஒரே கூடத்தில் சேர்ந்து ஒலிப்பதால் செல்லோ மைக்கில் கொயர் இருக்கும், கொயர் மைக்கில் செல்லோ இருக்கும். ஒன்றை ஏற்றினால் மற்றதும் கூடவே ஏறும். மிக்சிங்கின் பெரும்பகுதியை செல்லோக்காரரின் நாற்காலியை நகர்த்தித்தான் செய்ய வேண்டும். அதனால் கீழே உள்ள படிகள் பலவும் அந்த நாற்காலியையே சுற்றி வருகின்றன.

படி 1: ஸ்கோர் (இசைக்குறிப்பு ஏடு) கேட்கும் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

கொயரும் செல்லோவும் சேர்ந்த சமகாலப் படைப்புகளில் செல்லோவுக்கு ஒரே வேலை கிடையாது. ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் டேவனர் 1995இல் எழுதிய 'ஸ்வ்யாதி'யில் செல்லோ பாதிரியாரின் இடத்தில், கிறிஸ்துவின் ஐகானாக (திருவுருவமாக) நிற்கிறது. கொயரிலிருந்து தள்ளி, முடிந்தால் கட்டடத்தின் மறுகோடியில் இருந்து வாசிக்க வேண்டும் என்பது இசையமைப்பாளரின் விருப்பம். அந்தத் தூரம் படைப்பின் பொருளோடு சேர்ந்தது. வசதிக்காக செல்லோவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிறகு கம்ப்யூட்டரில் ரிவெர்ப் (செயற்கை முழக்கம்) சேர்த்துத் தூரமாக்கினால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

நார்வேக்காரர் ஊலா யேய்லோவின் 'செரெனிட்டி' இதற்கு நேர் எதிர். அதில் செல்லோ குரல்களின் அடுக்குக்குள்ளேயே புகுந்து பாடுகிறது. தூரத்தில் வைத்தால் படைப்பு செத்துவிடும். ரஷ்ய இசையமைப்பாளர் சோஃபியா குபைதுலினா, செல்லோ மேதை ரோஸ்ட்ரோபோவிச்சின் 70ஆவது பிறந்தநாளுக்காக 1997இல் எழுதிய 'சூரியனின் கீதம்' இன்னொரு ரகம். சேம்பர் கொயருடன் தாளவாத்தியங்களும் உண்டு. செல்லோ வாசிப்பவர் அடித்தந்தியைத் தளர்த்துவார், ஒரு கட்டத்தில் செல்லோவை விட்டுவிட்டு டிரம் பக்கம் போவார், ஃபிளெக்ஸடோன் என்ற சிறு உலோகத் தாளவாத்தியத்தையும் கையில் எடுப்பார். அவர் நடக்கும் வழியில் ஒரு கேபிள்கூட இருக்கக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு படைப்பின் ஸ்கோரிலும் முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதிவையுங்கள்: தூரம், உள்ளே, நகரும். ஆல்பத்தில் மூன்று ரகமும் கலந்திருந்தால் ஒரே ரகத்தை ஒரே நாளில் முடிக்கும்படி வரிசை போடுங்கள்.

படி 2: அனுமதி

சமகால இசை என்றால் அநேகமாக எல்லாமே காப்புரிமைக்குள் இருக்கும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள், இந்தியாவில் 60 ஆண்டுகள். டேவனர் இறந்தது 2013இல், ஆகவே கணக்கே போட வேண்டாம். இதுவரை யாரும் பதிவு செய்யாத படைப்பாக இருந்தால் இசையமைப்பாளரோ பதிப்பகமோ நேரடியாகச் சம்மதம் தர வேண்டும். கவிதையை வைத்து இசையமைத்திருந்தால் கவிஞரின் உரிமை தனி, அதை மறந்துவிடுவார்கள். ஆளுக்கொரு ஸ்கோர் காசு கொடுத்து வாங்குங்கள். ஜெராக்ஸ் எடுத்துப் பாடுவது திருட்டு.

படி 3: கூடம் தேடுவது

ஸ்டூடியோவில் கொயரைப் பதிவு செய்யாதீர்கள். குரல்கள் ஒன்றோடொன்று கலப்பதற்குச் சுவரும் கூரையும் வேண்டும். கொயருக்கு இரண்டு முதல் மூன்றரை நொடி முழக்கம் (பாட்டு நின்ற பிறகு ஒலி அடங்க எடுக்கும் நேரம்) உள்ள கூடம் இதமாக இருக்கும். லண்டன் புனித பவுல் பேராலயம் போல ஒன்பது, பத்து நொடி முழங்கும் இடங்களில் மெதுவான ஸ்வரக்கட்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள், அதாவது கார்ட்) வானத்தில் மிதக்கும், ஆனால் செல்லோவின் வேகமான வாசிப்பு கூழாகிவிடும். செல்லோ சேர்ந்த நிகழ்ச்சி என்றால் கொயருக்குப் பிடித்ததைவிடக் கொஞ்சம் வறண்ட கூடத்தையே நான் எடுப்பேன்.

முழக்கத்தைவிட அமைதி முக்கியம். டாலிஸ் ஸ்காலர்ஸ் என்ற ஆங்கிலேயப் பாடகர் குழு பல ஆண்டுகள் இங்கிலாந்தின் நார்ஃபோக் கிராமப்புறத்தில் உள்ள சால் சர்ச்சுக்குப் போய்ப் பதிவு செய்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிச் சேப்பலுக்கு மாறியது. லண்டனில் இத்தனை சர்ச்சுகள் இருந்தும் ஒரு குழு கிராமத்தைத் தேடிப் போகிறது என்றால், வண்டிச் சத்தமும் விமானச் சத்தமும் எவ்வளவு பெரிய எதிரி என்று புரிந்துகொள்ளலாம்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது செல்லோக்காரரையும் ஒரு பாடகரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதிவு நடக்கப்போகும் அதே நேரத்தில் போங்கள். பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து காதில் விழுவதையெல்லாம் எழுதுங்கள்: மணிக்கூண்டு, ஃபிரிட்ஜ், டியூப்லைட் ரீங்காரம், ஹீட்டர் குழாயின் டிக்டிக், பக்கத்துப் பள்ளியின் இடைவேளை. பிறகு செல்லோவின் அடித்தந்தியை நீளமாக இழுக்கச் சொல்லி, நீங்கள் கூடம் முழுக்க நடந்து பாருங்கள். சில இடங்களில் அந்த ஸ்வரம் பூதாகாரமாக வீங்கும், சில இடங்களில் காணாமலே போகும். வீங்கும் இடத்தில் மைக் வைக்கக் கூடாது.

சென்னையிலும் மேற்கத்திய கொயர் மரபு பழையதுதான், மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893 முதல் பாடிவருகிறது. இங்கே பதிவு செய்ய நினைப்பவர்களுக்குப் பெரிய தொல்லை ஹாரனும் மின்விசிறியும். ஃபேனை நிறுத்தினால் இருபது நிமிடத்தில் பாடகர்களுக்கு வியர்த்து ஊற்றும், செல்லோக்காரரின் விரல் தந்தியில் வழுக்கும். இரவு பத்து மணிக்குப் பிறகு ஆரம்பிப்பதைத் தவிர நல்ல வழி தெரியவில்லை. எழும்பூர் புனித ஆண்ட்ரூ கிர்க் போன்ற வட்டக் கூடத்தில் குவிமாடம் ஒலியை ஒரு புள்ளியில் குவித்து அடிக்கும். நடுமையத்தை விட்டு விலகி நில்லுங்கள்.

படி 4: நாற்காலி

கச்சேரியில் செல்லோ பெரும்பாலும் கொயருக்கு முன்னால், கண்டக்டருக்கு (கையசைத்து கொயரை நடத்துபவருக்கு) பக்கத்தில் உட்காரும். ஒலிப்பதிவில் அந்த இடம் உதவாது. பிரதான மைக்குகளிலிருந்து கொயர் நாலரை மீட்டர் தள்ளி, செல்லோ இரண்டரை மீட்டர் தள்ளி என்று ஆகிவிடும். குரல்கள் ஒரு கூடத்திலும் செல்லோ வேறொரு கூடத்திலும் இருப்பதுபோல் கேட்கும்.

'உள்ளே' ரகத்துக்கு நான் சொல்வது இது. கொயரை அரைவட்டமாக நிறுத்துங்கள். ஆல்டோவுக்கும் டெனருக்கும் நடுவில் இரண்டு ஆள் நிற்கும் அளவு இடைவெளி விட்டு, செல்லோவை அங்கே அரைவட்டக் கோட்டிலேயே உட்காரவையுங்கள். பாடுபவர்கள் நிற்கிறார்கள், செல்லோ தரையோடு இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர்களின் உடம்பு செல்லோவை மறைக்காமல் அரையடி முன்னால் தள்ளுங்கள். பேஸ் பாடகர்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஸ்தாயி ஒன்றே என்பதால் இரண்டும் கலந்து எது எது என்றே தெரியாமல் போகும்.

அடுத்து, செல்லோவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அடிஸ்வரங்கள் எல்லாத் திசையிலும் பரவும். வில் தந்தியில் உரசும் கரகரப்பும் மேல்ஸ்தாயியின் கூர்மையும் பெரும்பாலும் வாத்தியத்தின் முன்பலகைக்கு நேராகப் பாயும். மைக்கிலிருந்து 30 டிகிரி விலக்கித் திருப்பினால் ஒலியின் கனம் அப்படியே இருக்கும், காதைக் குத்தும் கூர்மை மட்டும் குறையும். எந்த ஈக்வலைஸரும் இவ்வளவு அழகாக இதைச் செய்யாது.

தரையையும் பாருங்கள். செல்லோ ஓர் இரும்பு முள்ளில் நிற்கிறது, அதன் வழியே அதிர்வு தரைக்கு இறங்கும். பலிபீடத்தின் முன்னால் உள்ள மரமேடை உள்ளே வெற்றிடமாக இருந்தால் மேடையே ஒரு டிரம்மாகிவிடும். குதிகாலால் தட்டுங்கள். 'தொம்' என்று கேட்டால் அங்கே வேண்டாம், கல் தரைக்குப் போங்கள். கல்லில் முள் வழுக்கும், அதற்கான ரப்பர் தாங்கியோ வார்ப்பட்டையோ செல்லோக்காரரிடமே இருக்கும். நாற்காலியில் அவரை முன்னும் பின்னும் ஆடச் சொல்லி கிறீச்சிடுகிறதா என்று கேளுங்கள். சர்ச் நாற்காலிகளில் கிறீச்சிடாதது அபூர்வம்.

'தூரம்' ரகத்தில் வேறு தொல்லை. ஒலி 1 மீட்டர் தாண்ட ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். செல்லோ 20 மீட்டர் தள்ளி இருந்தால் கொயர் அவர் காதுக்கு 58 மில்லிசெகண்ட் தாமதமாகச் சேரும். அதைக் கேட்டு அவர் வாசித்தால் அது கொயருக்குத் திரும்பிவர இன்னொரு 58. காதை நம்பினால் வேகம் குறைந்துகொண்டே போகும். கண்டக்டரின் கையை மட்டும் நம்ப வேண்டும், ஆனால் அந்தக் கோடியிலிருந்து கண்டக்டரின் முதுகுதான் தெரியும். சத்தமில்லாத ஒரு கேமராவும் சிறு திரையும் வைத்தால் தீரும், திரையில் படம் பிந்தாமல் வருகிறதா என்று முன்பே சோதியுங்கள். அல்லது தூரத்தைப் பத்து மீட்டராகக் குறைத்து, பக்கவாட்டு வளைவுக்குள் உட்காரவையுங்கள். காதுக்குத் தூரமாகவே கேட்கும், கை கண்ணில் படும்.

ஓஸ்லோவின் 2எல் என்ற இசைப்பதிவு நிறுவனம் சர்ச்சுகளில் பதிவு செய்யும்போது கலைஞர்களை மைக் கொத்தைச் சுற்றி வட்டமாக நிறுத்துவது வழக்கம். சரவுண்டில் (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்து) கேட்டால் நாமே நடுவில் நிற்பதுபோல் இருக்கும். வெறும் ஸ்டீரியோவுக்கு மட்டும் பதிவு செய்கிறவர்கள் அரைவட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 5: சுருதி

பக்கவாத்தியம் இல்லாமல் பாடும் கொயர் மெல்ல இறங்கும், அது சகஜம். பாடுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்தே இறங்குவதால் கேட்பவருக்குத் தெரியாது. செல்லோ நுழையும் அந்த நொடியில் குட்டு வெளிப்படும்.

இன்னொரு நுட்பமான சண்டையும் உண்டு. செல்லோவின் தந்திகள் சி, ஜி, டி, ஏ. அடுத்தடுத்த தந்திகளுக்கு நடுவே ஸ–ப இடைவெளி. பஞ்சமத்தைத் துல்லியமாகச் சேர்த்துக்கொண்டே போனால் மேல்தந்தியான ஏ கொஞ்சம் உயரமாக வந்து நிற்கும். கொயர் ஒரு எஃப் மேஜர் ஸ்வரக்கட்டைக் காதாலேயே சேர்க்கும்போது ஏ அதன் காந்தாரம். அலையடிக்காத சுத்த காந்தாரத்தைத்தான் நல்ல பாடகரின் காது தேடும். இந்த இரண்டு ஏக்களுக்கும் வித்தியாசம் 22 சென்ட், அரைஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். 220 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இது நொடிக்கு இரண்டு மூன்று அலைகளாகக் கேட்கும். ஆல்டோக்கள் அபசுரம் பாடுகிறார்கள் என்று கண்டக்டர் திட்டுவார், அவர்கள் பாடியது சரியாகவே இருக்கும்.

செல்லோக்காரரை மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு பஞ்சமத்தையும் மயிரிழை குறுக்கிச் சேர்க்கச் சொல்லுங்கள். அனுபவசாலிகள் நால்வர் தந்திவாத்தியக் குழுவில் இப்படித்தான் வாசிக்கிறார்கள், கேட்டதும் தலையாட்டுவார்கள். கொயரோடு சேரும் நீளமான ஏவைத் திறந்த தந்தியில் வாசிக்காமல் டி தந்தியில் விரல் வைத்து வாசித்தால் கொயரின் காந்தாரத்தோடு அவரே சேர்ந்துகொள்வார். ஒத்திகையில் நம் தம்புராவைப் போல செல்லோ ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடிக்க, கொயர் அதன்மேல் ஸ்வரக்கட்டுகளை மெதுவாகக் கட்டிப் பழகட்டும்.

சில செல்லோக்களில் இ, எஃப் பக்கம் ஒரு ஸ்வரம் ஓநாய்போல் ஊளையிடும். எந்த ஸ்வரம் என்று முன்பே கேட்டுவையுங்கள். தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குக் கீழே தந்தியில் மாட்டும் சிறு உலோக உருளை பெரும்பாலும் அதை அடக்கிவிடும்.

படி 6: மைக்

முதலில் இரண்டே மைக். எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னி மைக்குகளை 40 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளியில், மூன்று மீட்டர் உயரத்தில், கண்டக்டரின் தலைக்குச் சற்றுப் பின்னால் நிறுத்துங்கள். முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கைவிட ஆம்னி அடிஸ்தாயியை நேர்மையாகப் பிடிக்கும், செல்லோவுக்கு அது தேவை. கூடம் அளவுக்குமீறி முழங்கினால் ஓஆர்டிஎஃப் முறைக்குப் போகலாம்: இரண்டு கார்டியாய்டு, 17 சென்டிமீட்டர், 110 டிகிரி. மூன்று ஆம்னிகளை முக்கோணமாக நிறுத்தும் டெக்கா ட்ரீ ஆர்கெஸ்ட்ராவுக்காக 1950களில் உருவானது. இருபது பேருக்கு அது அவசியமில்லை.

இந்த இரண்டை மட்டும் வைத்துக் கேளுங்கள். செல்லோ குறைவாக இருந்தால் நாற்காலியை நகர்த்துங்கள், மைக்கைக் கூட்டாதீர்கள். இரண்டே மைக்கில் சமநிலை 90 சதவீதம் வந்த பிறகு செல்லோவுக்கு ஒரு துணை மைக் வைக்கலாம்: ஒரு மீட்டர் தள்ளி, பாலத்துக்கும் எஃப் வடிவத் துளைக்கும் நடுவில் நோக்கி. 'தூரம்' ரகத்துக்குத் துணை மைக்கையும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே வையுங்கள். நெருங்கினால் தூரம் கலைந்துவிடும்.

பதிவுத் தரம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போதும். மிக உரத்த இடத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொயர் ஒத்திகையில் பாடுவதைவிட டேக்கில் (பதிவாகும் ஒவ்வொரு முறையும்) கண்டிப்பாக உரக்கப் பாடும்.

படி 7: பதிவு நாட்கள்

பிரிட்டனில் மூன்று மணி நேரம் ஒரு செஷன். அதில் பத்து நிமிட இசை தேறினால் திருப்தி. ஒரு மணி நேர ஆல்பத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு செஷன் வையுங்கள். அடிஸ்தாயி பேஸ் ஸ்வரங்களைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள், மாலையில் அந்தத் தொண்டை கிடைக்காது. சோப்ரானோவின் (பெண்களின் மேல்குரல்) உச்சங்கள் மதியத்துக்கு முன் முடியட்டும். செல்லோ அரை மணி முன்னதாகக் கூடத்துக்குள் வந்து குளிருக்குப் பழக வேண்டும்.

கண்டக்டர் தவிர, ஸ்கோரும் ஹெட்போனுமாகத் தனி அறையில் ஒரு ப்ரொட்யூசர் கட்டாயம் வேண்டும். பாடிக்கொண்டே தன்னைக் கேட்க யாராலும் முடியாது. அவர் ஒவ்வொரு டேக்குக்கும் எண் சொல்லுவார், எந்த பாரில் (ஸ்கோரின் தாளக் கட்டத்தில்) யார் தடுக்கினார் என்று ஸ்கோரில் குறிப்பார். முதலில் முழுதாக ஒரு டேக், பிறகு பகுதி பகுதியாக, கடைசியில் மறுபடி முழுதாக. கடைசி டேக்கில்தான் பெரும்பாலும் உயிர் இருக்கும்.

சிறு பிழையைத் திருத்த எடுக்கும் துண்டை எப்போதும் இரண்டு பார் முன்னாலிருந்தே தொடங்குங்கள். அந்த பாரிலேயே தொடங்கினால் முந்தைய ஸ்வரக்கட்டின் முழக்கம் இருக்காது, ஒட்டிய இடம் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் சுருதி கொடுங்கள். காலையில் எடுத்த டேக்கையும் மாலையில் எடுத்ததையும் சுருதி ஒத்தால்தான் ஒட்ட முடியும்.

பாடல் முடிந்ததும் முழக்கம் அடங்கும்வரை எவரும் மூச்சுக்கூட மாற்றக் கூடாது, வில்லும் காற்றில் அப்படியே நிற்க வேண்டும். காலணியைக் கழற்றச் சொல்லுங்கள். பக்கம் புரட்டுவதை ஆளுக்கொரு நேரமாகப் பிரித்துவிடுங்கள், இருபது பேர் ஒன்றாகப் புரட்டினால் மழை பெய்வதுபோல் கேட்கும். நாள் முடிவில் ஆட்கள் கூடத்தில் இருக்கும்போதே ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள், எடிட்டிங்கில் பாடல்களுக்கு நடுவே போட அதுதான் உதவும்.

படி 8: எடிட்டிங், மிக்சிங்

கொயர் மட்டும் என்றால் 'ஸ்', 'த்' போன்ற மெய்யெழுத்துகளில் வெட்டி ஒட்டலாம், சத்தம் வெட்டை மறைத்துவிடும். செல்லோ கீழே நீண்ட ஸ்வரம் பிடித்திருந்தால் இந்தத் தந்திரம் பலிக்காது. வில் திரும்பும் இடங்களே உங்கள் வெட்டுமிடங்கள். ஆகவே செல்லோக்காரரின் வில் குறிகளை ப்ரொட்யூசரின் ஸ்கோரிலும் முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். எல்லா டேக்கிலும் ஒரே வில் திசையில் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் நுழைவதற்கு முன் இழுக்கும் மூச்சை வெட்ட வேண்டாம், பாடகரின் மூச்சை வெட்டுகிறோமா என்ன?

மிக்சிங்கில் செய்ய அதிகம் இருக்கக் கூடாது. செல்லோவிலிருந்து துணை மைக் ஒரு மீட்டர், பிரதான மைக் ஐந்து மீட்டர் என்றால் வித்தியாசம் நாலு மீட்டர். துணை மைக்கை ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் இரண்டும் சேரும். அதன் ஒலியளவை, இருப்பது தெரியாமலும் எடுத்தால் குறைவது தெரியும்படியும் வையுங்கள். பழக்கதோஷத்தில் 80 ஹெர்ட்ஸ் லோ-கட் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி) போட்டால் செல்லோவின் அடித்தந்தி மெலிந்துவிடும். தெருவின் உறுமலை வெட்ட வேண்டுமென்றால் 40க்குக் கீழே வெட்டுங்கள். தூரத்து ஹாரன், நாற்காலிச் சத்தம் போன்றவற்றை ஐஸோடோப் ஆர்எக்ஸ் என்ற மென்பொருளில் துடைக்கலாம்.

உரத்ததையும் மெல்லியதையும் சமமாக்கும் கம்ப்ரஸ்ஸர் தேவையே இல்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவுக்கு ஒலியைச் சமன் செய்கிறது என்பதற்காக மெல்லிய பாடலை நசுக்காதீர்கள்.

கடைசியாக இதை போனின் ஸ்பீக்கரிலும் போட்டுக் கேளுங்கள். அதில் 65 ஹெர்ட்ஸ் வராது, அடித்தந்தியின் மேல்சுரங்கள் மட்டுமே செல்லோவை அடையாளம் காட்டும். அங்கேயும் அது செல்லோ என்று தெரிந்தால் ஃபைலை மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் செய்யும் கடைசி மெருகுக்கு) அனுப்பலாம். பேஸ் பாடகரா செல்லோவா என்று குழம்பினால், துணை மைக்கில் ஒன்றரை கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு டெசிபெல் ஏற்றி மறுபடி கேளுங்கள்.